புகார் எண் அறுபத்தொண்ணு

பேசி முடிச்சிட்டீங்களா தம்பி? முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க, காதுல இருந்து விரலை எடுத்துக்கிடுதேன். இல்ல, காதுல கோளாறு ஒண்ணும் இல்ல. பக்கத்துல ஒருத்தர் போன் பேசினா நான் காதைப் பொத்திக்கிடுவேன். பழக்கம். நீங்க சங்கடப்படாதீங்க. உங்க மச்சினன் உங்க பைக்கைக் கொண்டுபோய் சுவத்துல முட்டினா எனக்கென்ன, முட்டாட்டி எனக்கென்ன? நான் எதையுமே கேக்கல.

நான் பொதுத் தொலைபேசி நிலையம் நடத்துனவன். எஸ்.டி.டி. பூத்துன்னு ஊர்ல சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டேன். லைசென்ஸ்ல என்ன போட்டிருக்கோ அதைத்தான் சொல்லணும். பேரு கோமதிநாயகம். நடுவக்குளம் பஸ் ஸ்டாண்டுல, தொண்ணூத்தாறாம் வருசம் தொடங்குனேன். திருநெல்வேலி போய்ச்சேர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, அதனால சொல்லுதேன். எனக்கு ஒரு அநியாயம் நடந்துது தம்பி. சட்டப்படி நடந்தவனுக்கு நடந்த அநியாயம்.

லைசென்ஸ் கொடுக்கும்போது கூடவே பதினோரு பக்கம் விதிமுறை கொடுப்பாங்க. மத்தவங்க அதை என்ன செய்தாங்கன்னு நினைக்கீங்க? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வடை மடிச்சுக் கொடுத்ததே அந்தப் பேப்பர்லதான். ஒரு நாள் வடையைப் பிரிச்சா, 'அழைப்பாளரின் அந்தரங்கம்' எண்ணெயில மிதக்குது. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

நான் பதினோரு பக்கத்தையும் மனப்பாடம் பண்ணினேன். பேசுறவர் பேச்சு வெளிய கேக்கக் கூடாது, நடத்துறவரும் கேக்கக் கூடாது. போலீஸ், தீயணைப்பு, ஆஸ்பத்திரி, இந்த மூணுக்கும் யார் வந்து பேசினாலும் இலவசம், மறுக்கக் கூடாது. புகார்ப் புத்தகம் ஒண்ணு வைக்கணும். பொதுமக்கள் யார் வேணும்னாலும் எழுதலாம், ஏழு நாளைக்குள்ள பதில் எழுதணும். ஊனமுற்றவங்க சிரமம் இல்லாம உள்ள வரணும். எவ்வளவு அழகான விதி பாருங்க. சங்கப் பாட்டு மாதிரி இருக்கும்.

எங்கிட்ட யாராவது பேச வந்தா நான் ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சுக்கிடுவேன். பேசுற கூண்டோட கண்ணாடி வழியா உதட்டசைவு தெரியும்லா? அதனால இருபது அடி தள்ளி, பால் டிப்போகிட்ட போய், முதுகைக் காட்டி நின்னுக்கிடுவேன். கூண்டுக் கதவுல சுத்தி ரப்பர் வச்சு ஒட்டினேன். உள்ள இருந்து கொலை பண்ணுதான்னு கத்தினாலும் வெளிய கேக்காது. பாளையங்கோட்டையில இருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து செய்த வேலை அது.

தீயணைப்புக்கு இலவசம்னு போர்டுல எழுதிப் போட்டேன். ஊர்ல வேற யாரும் எழுதல. மூக்காண்டின்னு ஒரு பெரியவர் தினமும் காலையில வந்து நூத்தியொண்ணு போட்டு மணி என்னன்னு கேப்பாரு. கேட்டுட்டுப் போயிருவாரு. அவசரமா இல்லையான்னு நான் எப்படிச் சொல்ல? மறுக்கக் கூடாதுன்னு விதி. அவர் என்ன கேட்டாருன்னு எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? அன்னைக்குப் பஞ்சு மட்டமான பஞ்சு. அவரைப் பாத்து இன்னும் அஞ்சாறு பேரு வர ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்ல தீயணைப்பு நிலையத்துல பழகிட்டாங்க. நம்ம போன்ல இருந்து மணி அடிச்சா, எடுத்து நேரத்தைச் சொல்லிட்டு வச்சிருவாங்க. நல்ல மனுசங்க.

இவ்வளவும் செய்தும் என் பூத்துல கூட்டம் இல்ல தம்பி. கூட்டம் பூரா எதிர்ல.

எதிர்ல செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு பூத்து வச்சிருந்துது. சின்ன வயசுல போலியோ வந்து வலது கால் கொஞ்சம் மெலிவு, கம்பு ஊனி நடக்கும். என்னைவிட மூணு வயசு இளமை. கல்யாணம் ஆகல. ஏன் ஆகலன்னு நான் விசாரிக்கல, அது அந்தரங்கம். விதிமுறையில ஒரு வரி, ஒரே ஒரு வரி அந்தப் பொண்ணு கடைப்பிடிச்சு நான் பாத்ததில்ல. கூண்டுக்குக் கதவே கிடையாது. கழட்டி வெளிய வெயில்ல போட்டு, அது மேல மிளகாய் காயப்போட்டிருக்கும். யார் என்ன பேசினாலும் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து முழுசாக் கேக்கும். கேக்கிறதோட விடுமா? ஒரு அம்மா சூரத்துல இருக்கிற மகனைப் போன்ல திட்டிக்கிட்டே இருக்கா. இது ரிசீவரைப் பொத்தி, "யக்கா, முதல்ல சாப்பிட்டியான்னு கேளுங்க. அப்புறமாத் திட்டுங்க, எறங்கும்"ங்குது. அந்த அம்மா அப்படியே கேக்கா. அங்க மகன் அழுதிருக்கான். இங்க வரிசையில நின்னவங்களும் அழுதாங்க. பொது இடத்துல இப்படியா?

நான் ரோட்டைத் தாண்டிப் போய், புகார்ப் புத்தகத்தைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்துது. புத்தம் புதுசு, யாரும் ஒரு வரி எழுதல. புகார் எண் ஒண்ணு நான்தான் எழுதினேன். 'கூண்டுக்குக் கதவு இல்லை.' மறுநாள் பதில் எழுதியிருந்துது. 'கோமதிநாயகம் அண்ணாச்சி அவர்களுக்கு, கதவு இருக்கிறது. மேலே மிளகாய் காய்கிறது. காய்ந்ததும் மாட்டப்படும்.' விட முடியுமா? புகார் எண் ரெண்டு. 'மிளகாய் காய எத்தனை நாள் ஆகும் என்பதைத் தெரிவிக்கவும்.' அதுக்குப் பதில், 'நேற்றைய மழையில் நனைந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.'

பொதுமக்கள் பாக்க டெலிபோன் டைரக்டரி வைக்கணும், இது அதைப் போட்டு அது மேல உக்காந்திருக்குன்னு எழுதினேன். 'உட்கார்ந்திருப்பது பழைய டைரக்டரி. புதியது காலுக்குக் கீழே உள்ளது'ன்னு பதில். அடுத்து, அழைப்பாளர் பேசும்போது நிலைய நடத்துநர் சத்தமாச் சிரிச்சதா எழுதினேன். 'வருந்துகிறேன். அவர் அவ்வளவு நகைச்சுவையாகப் பேசிவிட்டார்.' அதுக்கு அடுத்த புகார் என்ன எழுதினேன்னா, 'யார் அவர்?' அவ்வளவுதான். ரெண்டே வார்த்தை. பதில் வந்துது. 'விதிப்படி அழைப்பாளர் பெயரை வெளியிட இயலாது.'

சரியான பதில்தான். குத்தம் சொல்ல முடியாது. ஆனா ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல. ஓட்டல்ல எண்ணெய் சரியில்ல.

இப்படியே தினமும் காலையில பத்து மணிக்குப் போவேன். சட்டையை இஸ்திரி போட்டுத்தான் போவேன், சட்ட வேலைக்குப் போறோம்லா? முதல்ல எல்லாம் 'கோமதிநாயகம் அண்ணாச்சி அவர்களுக்கு'ன்னு தொடங்கும். இருபதாவது புகார்ல பாத்தா 'அண்ணாச்சி'யைக் காணோம். 'திரு. கோமதிநாயகம் அவர்களுக்கு'. முப்பதுல 'திரு'வும் போச்சு. மரியாதை எப்படிக் குறையுது பாத்தீங்களா? அதையும் ஒரு புகாராக் கொடுத்தேன். 'அண்ணாச்சி என்று இனி எழுத இயலாத நிலையில் உள்ளேன்'னு பதில். திமிரு. டீக்கடை அருணாசலம் அதைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். படிப்பறிவு கம்மி அவனுக்கு.

இருபத்து மூணாவது புகார் முக்கியமானது. அந்த பூத்து வாசல்ல படி ஒம்பது அங்குலம். ஊனமுற்றவங்க சிரமம் இல்லாம வரணும்னு விதி இருக்கே. மழைக்காலத்துல ஒரு நாள் அந்தப் பொண்ணே கம்பு வழுக்கி அந்தப் படியில விழப் பாத்துது. நான் பால் டிப்போகிட்ட நின்னவன் எப்படி ரோட்டைத் தாண்டினேன்னு தெரியல, நடுவுல ஒரு பஸ் வேற வந்துது. நான் போறதுக்குள்ள அதுவே நிமிர்ந்துட்டு. "என்ன, புகாரா?"ன்னு கேட்டுது. ஆமான்னு சொல்லி எழுதினேன். 'கொத்தனார் வரவில்லை. அவ்வளவு அக்கறை இருந்தால் நீங்களே வந்து கட்டுங்கள்'னு பதில்.

கட்டினேன். ஞாயித்துக்கிழமை மணலும் சிமெண்டும் கொண்டுபோய், வேட்டியை மடிச்சுக் கட்டி, சரிவு மேடை ஒண்ணு பூசினேன். பஸ் ஸ்டாண்டே நின்னு பாத்துது. சட்டத்தை நிலைநாட்டுறதுன்னா சும்மாவா? செண்பகவல்லி மோர் கொண்டு வந்து கொடுத்துது. ஒரு நடத்துநர்கிட்ட இன்னொரு நடத்துநர் எதையும் வாங்கிக் குடிக்கலாமான்னு பதினோரு பக்கத்தையும் மனசுக்குள்ள புரட்டினேன். தடை ஒண்ணும் இல்ல. ரெண்டு டம்ளர் குடிச்சேன்.

நாப்பதாவது புகாரோட புத்தகம் தீந்துபோச்சு. புதுப் புத்தகம் நானே வாங்கிக் கொடுத்தேன், நல்ல கெட்டி அட்டை போட்டது. புத்தகம் இல்லாம ஒரு நாள் கூட இருக்கக் கூடாதுல்லா?

இனிமேதான் அந்த அநியாயம். அறுபதாவது புகார் எழுதிட்டு மறுநாள் போறேன், ஷட்டர் மூடியிருக்கு. சாக்பீஸ்ல 'நடத்துநர் வெளியூர்'னு எழுதியிருக்கு. மறுநாளும் மூடல். அதுக்கு மறுநாளும். நான் பத்து மணிக்குப் போய் ஷட்டர் முன்னாடி நின்னுட்டு நின்னுட்டு வந்தேன். ஆறாவது நாள் அருணாசலம் சொல்லுதான், "சிவகாசியில அவங்க அத்தை வீட்டுக்குப் போயிருக்கு வே. மாப்பிள்ளை பாக்க வாராங்களாம். மாப்பிள்ளைக்குக் காலண்டர் அச்சாபீசு."

"அதுக்கு முன் அனுமதி வாங்கிச்சா?"ன்னு கேட்டேன்.

"யார்கிட்ட வே? உம்மகிட்டயா?"ன்னான்.

ஏழு நாள் முடிஞ்சும் அறுபதாவது புகாருக்குப் பதில் வரல. கோபம் வந்துட்டு தம்பி. மாவட்ட ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டுட்டேன். கதவு, மிளகாய், டைரக்டரி, சிரிப்பு, எல்லாத்தையும் வரிசையா எழுதினேன். காலண்டர் அச்சாபீசையும் எழுதி, அப்புறம் அடிச்சுட்டேன்.

எட்டு நாள் கழிச்சு, திங்கக்கிழமை, ஷட்டர் திறந்துது. அறுபதாவதுக்குப் பதிலைப் பிந்தி எழுதி வச்சிருந்துது. நான் நேரே போய் புகார் எண் அறுபத்தொண்ணு எழுதினேன். 'நடத்துநர் எட்டு நாட்கள் இல்லாததால் பொதுமக்கள் மிகவும் சிரமப்பட்டனர்.' அது படிச்சுப் பாத்துது. முகம் ஒரு மாதிரி இருந்துது. சிரிப்பா என்னன்னு எனக்குத் தெரியல.

புதன்கிழமை ஆபீஸ்ல இருந்து கடிதம் வந்துட்டு. அரசாங்கம் அவ்வளவு சீக்கிரம் வேலை பாத்து நான் பாத்ததே இல்ல. அடுத்த திங்கக்கிழமை ரெண்டு நிலையத்துலயும் ஆய்வு, குறை இருந்தா லைசென்ஸ் ரத்து. என் மனு நகலையும் கூட வச்சு அனுப்பியிருக்காங்க. செண்பகவல்லி அதைக் கையில வச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி வந்துது. என் பூத்துக்கு அது வந்தது அதுதான் முதல் தடவை. போன் பேச வந்திருக்கோன்னு பழக்கத்துல பஞ்சை எடுத்துக் காதுல வச்சேன்.

"பஞ்சை எடுங்க"ன்னு சொன்னது எனக்கே கேட்டுது.

எடுத்தேன்.

"புத்தகத்துல எழுதினதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் உள்ளது. வெளிய ஏன் எழுதினீங்க? இந்தக் கடை இல்லன்னா எனக்கு வேற என்ன இருக்கு?"

விதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். பதினோரு பக்கத்துல ஒரு வரி வாயில வரல. அது திரும்பி நடந்துபோச்சு. கம்புச் சத்தம் ரோடு முடியிற வரைக்கும் கேட்டுது.

மனுவைத் திரும்ப வாங்கிக்கிடுதேன்னு மறுநாளே பஸ் ஏறி ஆபீசுக்குப் போனேன். ஒரு தடவை பதிவான மனுவைத் திரும்பப் பெற விதியில்லன்னுட்டாங்க. நல்ல விதிதான். ஆனா அன்னைக்கு அந்த விதியை எழுதினவன் என் கையில கிடைச்சிருந்தா... சரி விடுங்க.

ஞாயித்துக்கிழமை போய் மிளகாயை வாரிப் பையில போட்டு, கதவைக் கழுவி மாட்டினேன். கட்டண போர்டை என் கையால எழுதி வச்சேன். புது டைரக்டரியை எடுத்து அலமாரியில வச்சேன். செண்பகவல்லி ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துது. மோரும் இல்ல, பேச்சும் இல்ல. "தும்மல் வருது, மிளகா நெடி"ன்னு சொல்லி நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

திங்கக்கிழமை ஆய்வாளர் வந்தாரு. தேவதாசன்னு பேரு. நல்ல ஆகிருதியான ஆளு. முதல்ல என் பூத்துக்குத்தான் வந்தாரு. போர்டைப் பாத்தாரு, திருப்தி. புத்தகத்தைப் பாத்தாரு, என் புத்தகத்துல ஒரு புகார்கூட இல்ல. "உள்ள போய்ப் பேசிப் பாக்கேன்"னு கூண்டுக்குள்ள நுழைஞ்சு கதவைச் சாத்தினாரு. நான் புதுப் பஞ்சு வச்சுக்கிட்டு பால் டிப்போகிட்ட போய் முதுகைக் காட்டி நின்னேன். ஆய்வாளர் பாக்கட்டும், விதின்னா என்னன்னு.

அப்புறம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெயிலுக்கு ரப்பர் உப்பிப்போச்சாம். கதவைத் தள்ளினா வரல. இழுத்தா கைப்பிடி மட்டும் கையோட வந்துட்டு. தட்டியிருக்காரு, கத்தியிருக்காரு. பாளையங்கோட்டை வேலை தம்பி, ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வரல. உடனே போனை எடுத்து நூத்தியொண்ணு போட்டிருக்காரு. "சார், நான் நடுவக்குளம் பஸ் ஸ்டாண்டுல..."

"பதினொண்ணு இருபது"ன்னு சொல்லி வச்சுட்டாங்க.

மறுபடி போட்டாரு. "பதினொண்ணு இருபத்திரண்டு." மூணாவது தடவை, "யோவ், நான் டெலிபோன் ஆபீசர்யா!"ன்னு அலறியிருக்காரு. "யாரா இருந்தாலும் பதினொண்ணு இருபத்தஞ்சுதான்"னுட்டாங்க.

முதுகுல கம்பால ஒரு குத்து விழுந்துது. திரும்பினா செண்பகவல்லி. வாய் அசையுது, எனக்கு ஒண்ணும் கேக்கல. அதுவே என் காதுல இருந்து பஞ்சைப் பிடுங்கி எறிஞ்சுது. "உள்ள அந்த மனுசன் அவியுதாரு!" நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளுதேன், வெளிய இருந்தும் வரல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையெடுத்துக் கும்பிடுதாரு. செண்பகவல்லி தன்னோட பூத்துக்குப் போய் ஒரே ஒரு போன்தான் போட்டுது. கதவு வேலை செய்யுற பிச்சைக்கண்ணு அன்னைக்கு அவன் தங்கச்சி வீட்டுல விருந்துக்கு இருக்கான்னு அதுக்குத் தெரியும், காலையில அவன் இந்த பூத்துலதான் நின்னு பேசியிருக்கான். ஒட்டுக் கேட்டதால வந்த தகவல். பத்து நிமிசத்துல பிச்சைக்கண்ணு கடப்பாரையோட வந்து, என் கதவை மொத்தமாப் பேத்து எடுத்தான்.

ஆய்வாளர் செண்பகவல்லி பூத்துல போய் ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு சோடா குடிச்சாரு. சட்டையைப் பிழிஞ்சா ஒரு குடம் வரும். அந்தக் கோலத்துலயும் கடமை தவறல, புகார்ப் புத்தகம் ரெண்டையும் கேட்டு வாங்கினாரு. ஒண்ணுல இருந்து அறுபத்தொண்ணு வரைக்கும், ஒரு வரி விடாமப் படிச்சாரு. நடுநடுவுல என்னைப் பாப்பாரு, அந்தப் பொண்ணைப் பாப்பாரு, மறுபடி படிப்பாரு.

"ஏம்மா, கடைசிப் புகாருக்குப் பதில் இல்லையே? ஏழு நாள் இன்னையோட முடியுது"ன்னாரு.

செண்பகவல்லி பேனாவை வாங்கி, அங்கேயே நின்னபடி எழுதுச்சு. அவர் வாங்கி ஊருக்கே கேக்கிற மாதிரி வாசிச்சாரு. "'கோமதிநாயகம் அவர்களுக்கு, சிரமப்பட்ட பொதுமக்களின் பெயர், விலாசம் குறிப்பிட்டால் தக்க பதில் தரப்படும்.' சொல்லும் வே, எத்தனை பேரு சிரமப்பட்டாங்க?"

அருணாசலம் டீ ஆத்துறதை நிறுத்திட்டான். கேட்டா கொடுக்கணும், அதுதான் முறை. நான் பேனாவை வாங்கி எழுதினேன். 'ஆ. கோமதிநாயகம், கதவிலக்கம் 14, வடக்குத் தெரு, நடுவக்குளம்.' அதுக்குக் கீழ எழுத வேற பேரு இல்ல.

செண்பகவல்லி அதைப் பாத்துது. "சிவகாசிக்கு நான் வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்"னு சொல்லுச்சு. புகாருக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு. ஆனா நான் அந்தச் சரிவு மேடையிலயே உக்காந்துட்டேன். ஆய்வாளர் குறிப்புல என்ன எழுதினாருன்னா, 'புகார்கள் அனைத்தும் இத்துறையின் வரம்புக்கு அப்பாற்பட்டவை. இருவரும் பெரியவர்களுடன் கலந்தாலோசிக்கவும்.'

தை மாசம் கல்யாணம். தேவதாசன் சார் குடும்பத்தோட வந்திருந்தாரு. மண்டபத்து அறைக்குள்ள போகச் சொன்னா மட்டும், கதவைக் கழட்டினா வாரேன்னுட்டாரு.

இதுல அநியாயம் எங்க இருக்குன்னு கேக்கீங்களா? அதுதான் கடைசி. ஒரு ஆளுக்கு ஒரு பூத்துக்கு மேல கூடாதுன்னு பத்தாம் பக்கத்துல இருக்கு. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் என் லைசென்சை எடுத்துட்டு ஆபீசுக்குப் போய், ஒப்படைக்கேன்னு நீட்டினேன். குறையே இல்லாத பூத்து, என்னோடதுதான் போகணும், என்ன செய்ய?

தேவதாசன் சார் பேப்பரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தாரு. "என்னய்யா இது? ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னுதானே இருக்கு? ஒரு வீட்டுக்கு ஒண்ணுன்னு எங்க இருக்கு? நீங்க ரெண்டு ஆளு வே, ரெண்டையும் வச்சுக்கிடலாம்"ன்னாரு.

"இல்ல சார், ஒரு ஆளுதான்"னேன்.

அவர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் முத்திரையை எடுத்துக் குத்தினாரு. அவ்வளவு பெரிய ஆபீசர் தம்பி, சட்டத்தை ஒழுங்காப் படிக்கத் தெரியல.